கும்பகோணத்தில் வாங்கிய பெரிய டின்

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், பிரெட் டின் வாங்கத் தெரியாமல் தேவாலயச் சபைக்கு முன்னால் தன் மனைவியைத் தலைகுனிய வைத்த கதை இது. அந்த வாத்தியார் நான்தான். அந்த டின் இப்போதும் எங்கள் தஞ்சாவூர் வீட்டுச் சமையலறைப் பரணில் கவிழ்ந்து கிடக்கிறது. மிக்ஸியின் பழைய அட்டைப்பெட்டியை எடுக்க ஏறும்போதெல்லாம் கண்ணில் படும். பட்டதும் நான் வேறு பக்கம் பார்ப்பேன். ஒரு தகர டப்பாவைப் பார்த்து அறுபது வயதுக்கு மேல் ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொள்வது வேடிக்கைதான். ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

என் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். எனக்கு ஓய்வு வந்துவிட்டது, அவளுக்கு இன்னும் வரவில்லை. காலை ஷிஃப்ட் என்றால் விடிந்ததும் கிளம்பிவிடுவாள். அந்நேரத்தில் இட்லி இறங்காது. டீயும் இரண்டு துண்டு பிரெட்டும்தான். எங்கள் தெருமுனை பேக்கரியின் பிரெட்டோ கேக்குக்குத் தம்பி மாதிரி, வாயில் வைத்தால் சர்க்கரை. பாதியைத் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். பெங்களூருக்குக் குடிபோன மகள், அங்கே வீட்டிலேயே பொருத்திய ஓவன் இருக்கிறது என்று தன் பழைய ஓவனை எங்களிடம் விட்டுப் போனாள். கூடவே ஒரு சாண் நீளத்தில் ஒரு சின்ன பிரெட் டின். பகல் முழுக்கச் சும்மா இருந்த எனக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் சில பிரெட்டுகளைச் செங்கல் என்று சொன்னால் செங்கல் கோபித்துக்கொள்ளும். பிறகு கை பழகியது. கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே மைதா, அதற்கான ஈஸ்ட், உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். பிசைந்து, ஒருமுறை பொங்கவிட்டு, மறுபடி உருட்டி டின்னில் போட்டால் பாதி டின் இருக்கும். அது விளிம்பு வரை ஏறி வந்ததும் ஓவனுக்குள் தள்ளினால் மேலே பொன்னிறத்தில் ஒரு முதுகு எழும்பி வரும். அந்த முதுகைப் பார்ப்பதில் எனக்கு இருந்த மகிழ்ச்சியை யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. நான் தெருவில் நடந்தால் பழைய மாணவர்கள் பைக்கை நிறுத்திவிட்டு வணக்கம் சொல்வார்கள். மனைவி வேலைக்குப் போக, நான் மாவு பிசைகிறேன் என்று அவர்களுக்குத் தெரிவதா? எனக்குக் கூசியது. எதிர்வீட்டு அம்மாள் ஒருநாள் கேட்டைத் தட்டி, “என்ன சார், தெருவே மணக்குது?” என்று கேட்டார். நான் மாவுக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, “அவங்க பிரெட் போட்டிருக்காங்க” என்றேன். என் மனைவி அப்போது வார்டில் இருந்தாள்.

அதை அவளிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்ப நான் ஆஸ்பத்திரியிலயும் நிக்கிறேன், அடுப்புலயும் நிக்கிறேன். ரெட்டைச் சம்பளம் கேக்கணும்.” சிரித்தாளே தவிர, வெளியே என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. சபையில் பெண்கள் சங்கக் கூட்டத்துக்கு ஒருமுறை பிரெட்டைத் துண்டு போட்டு எடுத்துப் போனாள். “நான்தான்னு சொல்லிடாதே” என்று கிளம்பும்போதே கெஞ்சினேன். அவளும் சொல்லவில்லை. பாராட்டெல்லாம் அவள் பெயரில் சேர்ந்தது. ஓவன் கம்பி சுட்ட தழும்புகள் என் முன்கைகளில் சேர்ந்தன. வெளியே போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்வேன்.

டின் விஷயத்தில் எனக்கு ஒரு பயம் பிடித்ததும் இந்தக் காலத்தில்தான். சித்திரை வெயிலில் மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். நாலு பேருக்குக் காணட்டும் என்று அதே சின்ன டின்னில் மாவைக் கூடுதலாகப் போட்டேன். தஞ்சாவூர்ச் சித்திரையில் ஈஸ்ட்டுக்குப் பேய் பிடித்துவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மாவு விளிம்பைத் தாண்டி நாலாபுறமும் குடையாக விரிந்து, ஓவனுக்குள் சொட்டி, கம்பியில் பட்டுக் கரிந்து, வீடெல்லாம் புகை. மகளும் மருமகனும் ஊருக்குப் போன பிறகு உட்கார்ந்து சுரண்டினேன். வெயில் காலத்தில் இட்லி மாவுக்குப் பாதிப் பாத்திரத்தைக் காலியாக விடவேண்டும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம். பிரெட்டுக்கும் அதுதான் போலிருக்கிறது, பாத்திரம் பெரிதாக இருந்தால் வம்பில்லை என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

தை மாதம் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் லுத்தரன் சபையில் அது பெரிய நாள். சம்பா அறுத்து முடியும் நேரம். அவரவர் விளைச்சலில் முதலானதைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் படைப்பார்கள். நிலமில்லாதவர்கள் கேக், முறுக்கு, கோழி என்று எதையாவது கொண்டுவருவார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்தவர் அதையே மறுபடி காணிக்கையாகக் கொடுத்து மறுபடி ஏலத்துக்கு விடுவதும் உண்டு. ஒரு பரங்கிக்காய் நாலு பேர் கைமாறிப் போகும். சிரிப்பும் கேலியுமாக மதியம் வரை நடக்கும்.

பெண்கள் சங்கத் தலைவி என் மனைவியைப் பிடித்துக்கொண்டார். “சிஸ்டர், இந்த வருஷம் பீடத்துக்கு முன்னால நம்ம சங்கம் பேர்ல ஒரு ரொட்டி வெக்கணும். நல்லா பெரிசா. எல்லாரும் பாக்கணும்.” சபையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் சிஸ்டர்தான்.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். “ஒண்ணு, நீங்கதான் சுடுறீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. இல்லையா, சின்ன டின்லயே ரெண்டு போட்டுக் குடுங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருது.”

“ரெண்டு சின்னதா? அவ்வளவு பெரிய பரங்கிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவுல அது எறும்பு மாதிரி கெடக்கும். நம்மள என்ன நெனைப்பாங்க?”

“என்ன நெனைப்பாங்க? ரெண்டு ரொட்டின்னு நெனைப்பாங்க.”

நான் கேட்கவில்லை. அவளுக்கு விடுமுறை வந்த நாளில் இருவரும் கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினோம். தஞ்சாவூரில் கிடைக்காததா என்றாள். பாத்திரம் என்றால் கும்பகோணம்தான் என்றேன். குத்துவிளக்கும் குடமுமாக அடுக்கியிருந்த கடைகளைத் தாண்டி, கேக் சாமான் விற்கும் ஒரு கடையில் கேட்டோம். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அளவில் பிரெட் டின்களை எடுத்து மேசையில் பரப்பினார்கள். அவள் நடுவில் இருந்ததைத் தொட்டு, “இது போதுங்க” என்றாள். என் கை தானாகப் பெரியதிடம் போனது. ஒன்றரைச் சாண் நீளம், கையகலத்துக்கும் மேலே அகலம், கையை விட்டால் விரல்கள் முழுதும் மறையும் ஆழம்.

“அது ஹோட்டல்காரங்க வாங்குறது சார்” என்றார் கடைக்காரர்.

“அதான் வேணும்” என்றேன்.

ஓவனுக்குள் நுழையுமா என்று மட்டும் நூல் வைத்து அளந்துகொண்டு வந்திருந்தேன். நுழையும். நீளத்தையும் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கினால் கன அளவு என்று எட்டாம் வகுப்புக்கு வருடா வருடம் கரும்பலகையில் எழுதிய ஆள் நான். தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று தெரியாத பையன்களின் காதைத் திருகியவன். அந்த டின்னை ஒரு முறைகூடப் பெருக்கிப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது மடியில் வைத்திருந்ததைப் பார்த்து, தாராசுரத்தில் ஏறிய ஒருவர், “மீன் தொட்டிங்களா?” என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை அவளுக்கு இரவு டியூட்டி. மதியமே நான் மாவைப் பிசைய ஆரம்பித்தேன். டின் பெரியது என்பதால் மாவை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் போடக் கை வரவில்லை. சித்திரையில் வழிந்த மாவும் புகையும் கண்ணுக்குள் நின்றன. மேலும், அதுதான் பொங்குமே, பொங்கி நிறைத்துக்கொள்ளும் என்று நம்பினேன். சித்திரைக்கும் தைக்கும் வித்தியாசம் உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்குப் பனிக் குளிர் பகலிலேயே சுவரில் ஏறியிருந்தது. மாவு டின்னின் அடியில் போர்த்திப் படுத்துக்கொண்டது. நான் மேலே மூடியிருந்த தட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். பொழுது சாய்ந்தும் அது இரண்டு விரல் உயரத்தைத் தாண்டவில்லை. பொறுமை போய் ஓவனில் வைத்துவிட்டேன்.

வெளியே எடுத்துப் பார்த்தேன். முதுகு இல்லை. நாலுபுறமும் தகரச் சுவர் உயர்ந்து நிற்க, அடியில் வெளிறிப்போன ஒரு பலகை கிடந்தது. உயர்ந்த சுவர்களின் நிழலில் மேல்பக்கம் சிவக்கவும் இல்லை. விரலால் தட்டினால் கதவைத் தட்டிய சத்தம் வந்தது.

வீட்டில் மைதா மிச்சம் இருந்தது, நேரமும் இருந்தது. சின்ன டின்னில் ஒன்று போட்டிருக்கலாம். அதைத்தான் நினைத்து நினைத்து இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன். ஆனால் பெரிய ரொட்டி என்று சொல்லியாகிவிட்டதே என்ற வீம்பு. ரொட்டியை டின்னைவிட்டு எடுக்காமல், மகள் பூவேலை செய்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து மேலே போர்த்தினேன். தள்ளி நின்று பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் பிரமாதமாக இருந்தது.

காலையில் அவள் டியூட்டி முடிந்து வந்து, குளித்து, பட்டுப் புடவை கட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“டின்னோடயா?”

“டின்னோட வெச்சா தெரியாது.”

கண்ணெல்லாம் தூக்கம். “நேரமாச்சு, வாங்க” என்று துணியை இழுத்து மூடினாள். சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பீடத்தின் முன்னால் நெற்கதிர்க் கட்டுகள், கரும்பு, வாழைத்தார், பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் இறக்கிய தேங்காய்க் குவியல். எல்லாவற்றுக்கும் நடுவில் எங்கள் வெள்ளைத் துணி. “அம்மாடி, எவ்ளோ பெரிசு சிஸ்டர்!” என்று பெண்கள் வந்து வந்து பார்த்தார்கள். அவள் சிரித்து வைத்தாள். ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு நிமிஷம் உண்மையாகவே பெருமை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரசங்கம் நடக்கும்போது பெருமை போய்ப் பயம் வந்தது. ஏலம் நின்றுபோகும்படி ஒரு மழை பெய்யவேண்டும் என்று கண்ணை மூடி ஜெபித்தேன். வெளியே பாதி வயல் அறுக்காமல் நின்றது, அறுத்த நெல் ரோட்டோரம் காய்ந்துகொண்டிருந்தது. கூலிக்கு அறுத்தவர்களின் பிள்ளை நான், அறுப்பின் பண்டிகையில் உட்கார்ந்து மழை கேட்டேன்.

மழை பெய்யவில்லை. நல்ல வெயிலடித்தது.

ஏலம் விடுபவர் எங்கள் சபைச் செயலர். வாய் சும்மா இருக்காது. அவருக்காகவே கூட்டம் நிற்கும். வாழைத்தார், கோழி, தேங்காய் எல்லாம் போன பிறகு எங்கள் டின்னைத் தூக்கினார். “பெண்கள் சங்கத்தோட ரொட்டி! சிஸ்டர் கைப்பட சுட்டது!” என்று துணியை உருவினார். உள்ளே பார்த்தார். டின்னைச் சாய்த்து வெயிலுக்குக் காட்டிப் பார்த்தார். கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

“ஏங்க, ரொட்டி எங்க?”

பந்தலே சிரித்தது. அவர் டின்னைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டினார். பலகை கையில் விழுந்தது. அதை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். “ரொட்டி இல்லைங்க இது. தஞ்சாவூர்த் தட்டு! சுவத்துல மாட்டலாம், சாமி படத்துக்குப் பக்கத்துல. யார் கேக்குறீங்க?”

ஒருவர் கேட்டார். அடுத்தவர் ஏற்றினார். எடுத்தவர் சிரித்துக்கொண்டே, “மறுபடி ஏலத்துக்கு” என்று திருப்பிக் கொடுத்தார். வேறொருவர் எடுத்தார், அவரும் திருப்பிக் கொடுத்தார். என் ரொட்டி சுற்றிச் சுற்றி வந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கேலி. டின்னைத் தனியா ஏலம் விடுங்க, குழந்தை குளிப்பாட்டலாம் என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் பக்கம் எல்லாத் தலையும் என் மனைவியை நோக்கித் திரும்பியிருந்தது. அவள் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பை அப்படியே வைத்திருந்தாள்.

“என்ன சிஸ்டர், மாவு பொங்கலையா?” என்றார் தலைவி.

“டின்னு பெரிசாப் போச்சுங்க. அளவு தப்பிருச்சு. என் தப்புதான்.”

எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. செயலருக்கும் விழுந்தது. அவர் சும்மா விடுவாரா? “ஆஸ்பத்திரியில மருந்தும் இப்படித்தான் அளக்குறீங்களா சிஸ்டர்? நாங்கல்லாம் அங்கதானே வந்து படுக்கணும்?”

கேலிதான். அவர் மனதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்திருந்தது அந்த ஒன்றைத்தான். மருந்து ஏற்றும்போது கண்ணுக்கு நேரே சிரிஞ்சைப் பிடித்து, கோட்டைப் பார்த்து, இன்னொரு முறை பார்த்துத்தான் ஏற்றுவாள். அவள் கை வைத்தால் அளவு தப்பாது என்று டாக்டர்களே சொல்வார்கள். வீட்டில் உப்புக்கூட அளந்துதான் போடுவாள். அந்தப் பெயரை நான் ஒரு தகர டப்பாவுக்குள் போட்டுப் பந்தலில் கவிழ்த்துவிட்டேன்.

எழுந்து நின்றேன். “அதை அவங்க சுடலை. நான்தான் சுட்டேன்.”

செயலர் இரண்டு கையையும் விரித்தார். “பாத்தீங்களா! பொண்டாட்டிய விட்டுக் குடுக்குறாரா பாருங்க! இவருதாங்க புருஷன்!” பந்தல் முழுக்கக் கைதட்டல். பெண்கள் பக்கமிருந்துதான் அதிகம். தலைவி என் மனைவியின் தோளைத் தட்டி, “குடுத்து வெச்சவங்க சிஸ்டர் நீங்க” என்றார். ஒருவரும் நம்பவில்லை. கணக்கு வாத்தியார் மாவு பிசைவாரா?

முழுக்கைச் சட்டையின் பொத்தானை அவிழ்த்து முன்கைத் தழும்புகளைக் காட்டியிருந்தால் போதும். பொத்தானில் கை வைத்தேன். வைத்தேன், ஆனால் கழற்றவில்லை. கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு பாசமுள்ளவருக்கே போகட்டும் என்று ரொட்டியை என் பெயருக்கே முடித்துவிட்டார்கள். டின்னையும் ரொட்டியையும் நானே சுமந்துகொண்டு வந்தேன். வழியில் மூன்று பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் பட்டுப் புடவையை மாற்றவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்ச் சின்ன டின்னில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, பெரிய டின்னில் ஊற்றினாள். மறுபடி பிடித்து ஊற்றினாள். மூன்றாவது முறை ஊற்றியும் பெரியது நிரம்பவில்லை.

“பாருங்க. நாலு பங்கு மாவு கேக்குது இது. நீங்க ரெண்டு பங்கு போட்டிருக்கீங்க. அதுவும் இந்தப் பனியில.” தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். “வார்டுக்குப் புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நான் முதல்ல இதைத்தான் சொல்வேன். கொஞ்சம் மருந்துக்குப் பெரிய சிரிஞ்சு எடுக்காதீங்க, அளவு தெரியாதுன்னு. என்னையப் பாத்து அந்த ஆளு மருந்து அளக்கத் தெரியுமான்னு கேக்குறாரு.”

“நான்தான் எழுந்து சொன்னேனே.”

“சொன்னீங்க. சொல்லிட்டு உக்காந்துட்டீங்க.” பொத்தானை நான் தொட்டதை அவள் பார்த்திருக்கிறாள். “வர்ற சனிக்கிழமை சங்கத்துல எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லிட்டேன், பிரெட் சொல்லித் தர்றேன்னு. செயலரையும் வரச் சொல்லிருக்கேன். நீங்கதான் பிசையணும். நான் உக்காந்து டீ குடிப்பேன். அரைக்கைச் சட்டை போட்டுக்குங்க.”

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. சனிக்கிழமை வந்தது. பெண்கள் வந்து கூடத்தில் நிறைந்தார்கள். செயலரும் தன் மனைவியோடு வந்தார். என் மனைவி நாற்காலியில் கோப்பையோடு உட்கார்ந்தாள். நான் அரைக்கைச் சட்டையில் மேசைக்கு முன்னால் நின்று மைதாவைக் கொட்டினேன். முதலில் இது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். மாவு என் கையில் திரண்டு, ஒட்டாமல் உருண்டு வந்தபோது சிரிப்பு நின்றது. அவர்களோடு வந்து உட்கார்ந்திருந்த எதிர்வீட்டு அம்மாள் என் முன்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப அன்னிக்கு மணந்ததும் நீங்கதானா சார்?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்றேன். மாவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

செயலர் எழுந்து என் மனைவி பக்கம் திரும்பினார். “சிஸ்டர், நான் வெளையாட்டுக்குத்தான்... மருந்துன்னு சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க.”

“பரவால்லங்க, உக்காருங்க. டீ ஆறுது” என்றாள்.

எந்த டின் வாங்குவது என்று எல்லோரும் கேட்டார்கள். வாத்தியார் குரல் எனக்குத் திரும்பி வந்தது. டின்னைப் பார்த்து மாவு எடுக்காதீர்கள், மாவைப் பார்த்து டின் எடுங்கள். உருட்டிப் போட்டால் பாதி டின் நிறைய வேண்டும், அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் சரி. சித்திரையில் பாதிக்கு மேல் போகாதீர்கள். கையில் இருக்கும் டின்னை விட்டு வேறொன்று வாங்கினால், பழையதில் தண்ணீர் பிடித்துப் புதியதில் ஊற்றிப் பாருங்கள், எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். பெரியதாக ஒன்று வேண்டும் என்று தோன்றினால் சின்னதாக இரண்டு போடுங்கள். எல்லாம் சரியாகச் சொன்னேன். எல்லாம் அவள் எனக்குச் சொன்னதுதான்.

“இவ்ளோ தெரிஞ்ச நீங்க எதுக்குண்ணே அந்தப் பெரிய டின்னை வாங்குனீங்க?” என்றார் செயலரின் மனைவி. கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“கடையில அதுதான் இருந்துச்சு” என்றேன்.

என் மனைவி கோப்பையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கடைக்கு அவளும்தான் வந்திருந்தாள். சின்ன டின்னில் போட்ட பிரெட் முதுகு எழும்பி வந்தது. எல்லோரும் சூடாகத் தின்றுவிட்டு, ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “நடுவுல இருந்ததை நான்தான் காட்டுனேன்” என்றாள். “ஏங்க பொய் சொன்னீங்க? அந்தப் பெரிசு எதுக்கு உங்களுக்கு?”

நான் இதுவரை அவளிடம் சொன்னதில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், இதை மட்டும் சொன்னதில்லை. அவள் வீட்டில் அவள் அப்பாவும் வாத்தியார். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பண்ணை வேலை செய்தவர்கள் என்பது அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

“பண்ணை வீட்டுல விசேஷம்னா, மிச்ச சாம்பாரும் சோறும் கொல்லைப்பக்கம் வெச்சு ஊத்துவாங்க” என்றேன். “அம்மா என்னைத்தான் அனுப்புவாங்க. வீட்டுல இருக்கறதுலயே பெரிய குண்டானைக் குடுப்பாங்க. பெரிசா எடுத்துட்டுப் போடா, காலியாத் தெரிஞ்சா இன்னொரு கரண்டி ஊத்துவாங்கன்னு. நான் அதைத் தூக்க முடியாமத் தூக்கிட்டுப் போவேன்.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ஊத்துனாங்களா?”

“இல்ல. எல்லாருக்கும் ஒரே கரண்டிதான். அடியில கெடக்கும். தெருவுல யாரும் பாத்துடக் கூடாதுன்னு, மேல துண்டைப் போட்டு மூடி எடுத்துட்டு வருவேன்.”

பண்டிகைக்குக் கொண்டுபோன அந்த வெள்ளைத் துணி நாற்காலியின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்து, நாலாக மடித்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள்.